போர்வைக்குள் ஊசி

ஊசி ஒன்று குறைகிறது என்று எனக்குத் தெரிந்தது திங்கட்கிழமை காலையில், நாங்கள் தையலுக்குக் கூடுகிற வாசகசாலைப் பின்னறையைப் பெருக்கப் போன இடத்தில். நாங்கள் தைத்த போர்வை சனிக்கிழமையே போய்விட்டது. மலைமேல் கிராவெனிக் கிராமத்தில், பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத ஒரு பிள்ளை அதன்மேல் படுத்துக் கிடந்தான்.

துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தரையில் மண்டியிட்டுத் தடவினேன். பலகை இடுக்கு, நாற்காலி மெத்தை, குப்பைக்கூடை, ஒன்றையும் விடவில்லை. ஊசிமெத்தையில் எங்கள் மூன்று பேர் ஊசியும் இருந்தது. உபரி ஊசிகள் செருகியிருந்த அட்டையில்தான் ஓர் இடம் காலி. அந்த ஊசிகள் குட்டையானவை, மெல்லியவை. பஞ்சு வைத்துத் தைத்த போர்வைக்குள் போய்விட்டால் கைக்கு அகப்படாது. ஆனால் யார் மேலாவது குத்தாமலும் இருக்காது.

எங்கள் தையல் கூட்டம் பிழைப்புக்கானது இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிழைப்புக்கு நான் எங்கள் ஊர் செவ்லியேவோவின் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறேன். நாள் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, பஸ் தாமதமானதற்கெல்லாம் நான் வசவு வாங்க வேண்டும். சாயங்காலம் துணித்துண்டுகளை மேஜையில் பரப்பி, எந்த நீலத்துக்குப் பக்கத்தில் எந்த மஞ்சளை வைக்கலாம் என்று யோசிக்கும்போதுதான் நானும் ஒரு மனுஷி என்ற நினைப்பே வரும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மீதி நாளைப் பொறுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் அது பொய்யில்லை.

போன்காவுக்கும் அப்படித்தான். பலகாரக் கடை வைத்திருக்கிறாள். வாயும் ஓயாது, கையும் ஓயாது. குழந்தைக்குக் காலுறை பின்ன உட்கார்ந்தால் ஒரு ஊர்க்கதை முடிவதற்குள் ஒரு ஜோடி முடித்துவிடுவாள். ஆனால் ஊசி விஷயத்தில் சுத்த மோசம். நூல் சிக்கினால் அந்த ஊசியைக் கண்ட இடத்தில் குத்திவிட்டு அட்டையிலிருந்து புதிசு எடுப்பாள். இதற்காக நான் அவளைத் திட்டாத நாள் கிடையாது.

மூன்றாவது ஆள் ஸ்லாட்கா டீச்சர். முப்பது வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவள். அவள் தையல் அச்சடித்த மாதிரி இருக்கும். நாக்கும் அப்படித்தான், கூர். கையில் சிவப்பு நூல் கட்டிக்கொண்டு எவளாவது வந்தால், ரத்த ஓட்டம் நின்றுவிடப் போகிறது, அவிழ்த்துப் போடு என்பாள். சாமி, பேய், திருஷ்டி எதுவும் அவளிடம் செல்லாது.

போர்வை நெவெனாவின் பிள்ளைக்கு. நெவெனாவும் எங்கள் கூட்டத்துப் பெண்தான், டீச்சரிடம் படித்தவள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்து துண்டுகளை வெட்டிக் கொடுத்தாள். நட்சத்திர வடிவம்தான் வேண்டும் என்று அடம் பிடித்தவளும் அவள்தான். குளிர்காலம் முழுக்க அந்த நட்சத்திரங்களோடுதான் எங்களுக்குப் பொழுது போனது. அவள் புருஷன் பிளாமென் லாரி ஓட்டுகிறவன். சனிக்கிழமை சாயங்காலம் ஜெர்மனிக்குக் கிளம்புகிற அவசரத்தில் வாசலில் நின்று ஹார்ன் மேல் ஹார்ன் அடித்தான். போன்கா அவனுக்குப் பனித்சா என்கிற பாலாடைக்கட்டிப் பலகாரத்தைப் பொட்டலம் கட்டினாள், நான் போய் அவனிடம் சத்தம் போட்டேன், டீச்சர் கடைசி ஓரத்தைத் தைத்து முடித்தாள். மடித்துக் கொடுத்தோம், போய்விட்டான். வீட்டுக்குக் கிளம்புமுன் ஊசிகளைச் சரி பார்க்கிற வழக்கம் அன்றைக்கு மட்டும் விட்டுப்போயிற்று.

நெவெனாவுக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து ஓய்ந்தது. அந்த மலையில் பனி பெய்தால் போன் எடுபடுவதே அதிசயம்.

நேரே போன்கா கடைக்குப் போனேன். ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை, வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவள் மாவுக் கையோடு நின்று, அன்றைக்கு அட்டையைத் தொடவே இல்லை என்று தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாள். நீ தொடாமல் ஊசிக்குக் காலா முளைத்தது என்றேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. கடையைப் பூட்டிவிட்டு என் பின்னால் வந்து காரில் ஏறினாள்.

டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னதும் அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது, ராய்னா. நீ போய் அந்தப் பொண்ண பயமுறுத்தாத."

எனக்கு மூக்குக்கு மேல் வந்தது. உட்கார்ந்த இடத்தில் எல்லாம் தெரிந்த மாதிரி பேசுகிற பழக்கம் அவளுக்கு எப்போதும் உண்டு. ஆனால் இதிலுமா?

"உங்களுக்கென்ன டீச்சர், பெத்திருந்தாத்தானே தெரியும்" என்றேன்.

அவள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

என் லாடா கார் ஏற்றத்தில் முக்கி முனகி ஏறியது. பாதையில் பனி உறைந்து கிடந்தது, ஸ்டியரிங்கைப் பிடித்த கை வலித்தது. பின் சீட்டில் போன்கா ஒரு நிமிஷம் சத்தியம் செய்வாள், மறுநிமிஷம் அழுவாள். சனிக்கிழமை சாயங்காலம் என்ன செய்தோம் என்று ஆரம்பத்திலிருந்து சொல்லிப் பார்த்தாள். நூல் அறுந்தது, வேறு நூல் கோர்த்தேன், கோர்த்தது எந்த ஊசியில்? அங்கே வந்ததும் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதைக் கேட்டு எனக்கு இன்னும் பதறியது. அந்தப் பிள்ளை புரண்டு படுக்கத் தெரியாத பிள்ளை. குத்தினால் அழ மட்டும்தான் அதற்குத் தெரியும். பசிக்கு அழுகிறது என்று பால் கொடுத்துத் திரும்பவும் அதே இடத்தில் கிடத்துவார்கள்.

கிராவெனிக்கில் வெளிக்கதவைத் திறந்தவள் நெவெனாவின் மாமியார் கேரா. முழுசாகக் கூடத் திறக்கவில்லை, ஒரு கை அகலம்தான்.

"நாப்பது நாள் ஆகலன்னு தெரியாதா உங்களுக்கு?" என்றாள். "பச்ச உடம்புக்காரி இருக்கற வீடு. அதுலயும் இவ வியாழக்கிழம சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவ."

போன்காவின் சித்தப்பா செத்தது அதற்குள் மலை ஏறி அவள் காதுக்கு வந்திருக்கிறது. எங்களில் எவளும் நாற்பது நாளுக்குள் இன்னொருத்தி வீட்டுப் படி ஏறுகிறவள் இல்லைதான். உள்ளே வரவில்லை அக்கா, போர்வையை மட்டும் கொஞ்சம் வெளியே கொடுங்கள் என்று கெஞ்சினேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. பிள்ளைக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற ஜென்மங்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். பிள்ளையின் அதிர்ஷ்டத்தையே உருவிக்கொண்டு போக வந்தீர்களா என்றாள். கதவு சாத்திக்கொள்ளப் போனது. நான் காலை உள்ளே வைத்தேன்.

"அதுக்குள்ள ஊசி இருக்கு அக்கா."

கேரா பேயறைந்த மாதிரி நின்றாள். அடுத்த நொடி கதவை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம் கேட்டது. நாங்கள் மூவரும் முற்றத்துப் பனியில் நின்றோம். போன்கா என் கையைப் பிடித்தாள். நான் உதறினேன். இப்போது நினைத்தாலும் கேவலமாக இருக்கிறது, ஆனால் உதறினேன்.

கேரா போர்வையைத் தன் உடம்பில் படாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே நெவெனா, சால்வைக்குள் பிள்ளையைச் சுருட்டிக்கொண்டு, வீட்டு வாசற்படியிலேயே நின்றாள். முகம் தூக்கத்தில் வீங்கியிருந்தது. என்ன நடக்கிறது என்று அவளுக்குப் பாதிதான் புரிந்தது.

கேரா குழந்தையின் காலை வெளியே இழுத்துப் பிடித்தாள். குதிகாலில் ஒரு சிவப்புப் புள்ளி. "இது என்ன?" என்று என்னைக் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த இடம் அது, வந்த அன்றைக்கே காட்டினேனே அத்தை என்று நெவெனா சொன்னாள். அது ஆறிப்போயிற்று, இது புதிசு என்றாள் கேரா. நெவெனா குனிந்து பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். அப்புறம் பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

முற்றத்தின் ஓரத்தில் கோடையில் சமைக்கிற தனி அறை ஒன்று இருந்தது. அது வீட்டில் சேர்த்தி இல்லை என்று கேராவே முடிவு செய்து எங்களை அதற்குள் விட்டாள். மேஜைமேல் போர்வையை விரித்தோம். நானும் போன்காவும் இரண்டு பக்கமிருந்து உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தடவினோம். குளிரில் விரல்களுக்கு உணர்ச்சியே இல்லை. கேரா குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்த பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். அதை வைத்துத் தேய்த்தோம். ஒன்றும் ஒட்டவில்லை. டீச்சர் மேஜையின் அந்தக் கோடியில் நின்றாள். ஒரு மூலைமேல் கையை வைத்துக்கொண்டு, எதையும் தடவாமல் நின்றாள்.

"பிரிச்சிடுங்க" என்றாள் நெவெனா வாசற்படியிலிருந்து. "எல்லாத்தையும் பிரிங்க அக்கா."

கத்திரியை எடுத்தேன். முதல் நட்சத்திரத்தின் தையலில் முனையை விட்டபோது என் வயிற்றிலேயே விட்ட மாதிரி இருந்தது. பார்த்துப் பார்த்துப் போட்ட தையல், எது யார் போட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். இழுத்தால் நூல் சரசரவென்று வந்தது. பஞ்சை வெளியே எடுத்து விரலால் பிய்த்துப் பார்த்தேன். இல்லை. அடுத்தது. இல்லை. ஊசி பஞ்சுக்குள் ஓரிடத்தில் நிற்காது, ஊர்ந்துகொண்டே போகும். அதனால் ஒன்றையும் விட முடியாது. போன்கா அழுதுகொண்டே பிரித்தாள். மேஜை முழுக்கப் பஞ்சும் நூலும் கந்தலும் ஆயிற்று. டீச்சர் நின்ற பக்கம் மட்டும்தான் பாக்கி. நானும் போன்காவும் நிமிர்ந்து ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம்.

இரண்டு பேரும் நினைத்ததை வாய்விட்டுச் சொன்னது கேராதான். "இந்தப் பக்கமும் இல்லன்னா, புள்ள உடம்புக்குள்ளதான் போயிருக்கு."

நெவெனா அங்கேயே உட்கார்ந்து குழந்தையின் துணியை அவிழ்க்க ஆரம்பித்தாள். அந்தக் குளிரில். முடிச்சு அவிழவில்லை. ஊருக்குக் கொண்டுபோக வேண்டும், எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்க வேண்டும், காரை எடுங்கள் ராய்னா அக்கா என்றாள். பனிக்காற்றில் பச்சைப் பிள்ளையை அத்தனை தூரமா என்று கேரா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு போன்கா பக்கம் திரும்பினாள். கேட்டதெல்லாம் கேட்டாள். சாவுத் தீட்டையும் ஊசியையும் சேர்த்து அனுப்பியவள் நீ, பிள்ளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் உன் கடை வாசலில் வந்து உட்கார்ந்து உன்னை நாசமாக்குவேன் என்றாள். நானாவது குறுக்கே பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

போன்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான்தான்" என்றாள். "நான்தான் விட்டிருப்பேன். நான்தான் எப்பவும் விடறேன். நெவெனா, என்ன மன்னிச்சிடுடீ."

"இல்ல" என்றாள் டீச்சர்.

எல்லாரும் திரும்பினோம்.

"குழந்தைய எங்கயும் கொண்டுபோக வேணாம். ஊசி இங்க இருக்கு." கையை மூலையிலிருந்து எடுத்தாள். "நான்தான் வெச்சேன்."

ஓரத்தை நான் பிரித்தேன். மடிப்புக்குள் மடிப்பாக, பெருவிரல் அளவு கம்பளித் துண்டு ஒன்று, நான்கு பக்கமும் நெருக்கமாகத் தைத்து மூடியிருந்தது. அதற்குள் ஊசி. முனையை ஒடித்து எடுத்திருந்தாள்; குத்த வழியே இல்லை, பிள்ளையின் குதிகாலில் இருந்தது ஆஸ்பத்திரிப் புள்ளிதான். ஊசியின் உடம்பு முழுக்கச் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. அதைப் பார்த்தவுடன் கேரா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். கண் படாமல் இருக்கப் பிள்ளையின் துணியில் ஊசி செருகுவது இந்த மலைப்பக்கம் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் ஸ்லாட்கா டீச்சரா?

டீச்சர் யாரையும் பார்க்கவில்லை, மேஜையில் கிடந்த பஞ்சைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எனக்கும் ஒருத்தன் பொறந்தான். இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னால. என் மாமியார் அவன் துணியில ஊசி செருகி வெச்சிருந்தாங்க. நான் அத பிடுங்கி ஜன்னல் வழியா எறிஞ்சேன். படிச்சவ இல்லையா, கொழந்த மேல போய் இரும்பான்னு கேட்டேன். அந்த வாரமே ஜுரம் வந்துச்சு. நெஞ்சுல சளி. போயிட்டான்."

போன்கா மூக்கை உறிஞ்சினாள்.

"அது ஊசியால இல்லன்னு எனக்குத் தெரியும்" என்றாள் டீச்சர். "நல்லா தெரியும். யாரக் கேட்டாலும் கரும்பலகையில எழுதியே காட்டுவேன். ஆனா இவனுக்கு அத வைக்காம ஓரத்த மூட என்னால முடியல. வெளிய சொன்னா பலிக்காதுன்னு சொல்வாங்க, அதுக்காகத்தான் காலையிலேர்ந்து வாயத் தெறக்கல. பைத்தியக்காரி மாதிரி. போன்காவ இப்படி நிக்க வெச்சிட்டேன்."

பெற்றிருந்தால்தானே தெரியும் என்று காலையில் நான் கேட்டது என் காதிலேயே கேட்டது. பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. இத்தனை வருஷம் ஒரே தையல் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து தைத்திருக்கிறோம், ஒரு வார்த்தை சொன்னதில்லை அவள். நாங்களும் கேட்டதில்லை. பிள்ளை இல்லாதவள் என்று நாங்களே எழுதி ஒட்டி வைத்திருந்தோம்.

நெவெனா படியிலிருந்து இறங்கி முற்றத்தைத் தாண்டி வந்தாள். மருமகள் நாற்பது நாளுக்குள் வெளி முற்றத்தில் கால் வைத்ததற்குக் கேரா ஒன்றும் சொல்லவில்லை. நெவெனாவின் கண் சிவந்திருந்தது. ஊசியை என் கையிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"என் உயிரே போயிடுச்சு டீச்சர்" என்றாள். "எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்."

"எனக்கு இது வேணாம். இவன் படுக்கற எடத்துல ஊசியே வேணாம்."

டீச்சர் தலையாட்டினாள். ஊசியை வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். கைக்குட்டையைத் தேடினாள், அகப்படவில்லை, கையுறையால் முகத்தைத் துடைத்தாள். காரில் உட்கார்ந்திருக்கிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

"எங்க போறீங்க?" என்றாள் நெவெனா. "இவன பாக்கவேயில்லையே நீங்க."

சால்வையை விலக்கிப் பிள்ளையை அவள் முன்னால் நீட்டினாள். டீச்சர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். வகுப்பில் சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை நிற்கிற மாதிரி நின்றாள். கேரா என் தோளுக்குப் பின்னால் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் கைக்குழந்தையைப் பார்த்து யாரும் அழகு என்று சொல்ல மாட்டோம், கண் பட்டுவிடும். ஆனால் இந்த டீச்சர், வேண்டுமென்றே ஊரில் பிறந்த பிள்ளைகளையெல்லாம் அழகு, அழகு என்று உரக்கச் சொல்லி அம்மாக்களை அலற விட்டவள்.

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். டீச்சர் குனிந்து நன்றாகப் பார்த்தாள்.

"சீ" என்றாள். "எவ்வளவு அசிங்கமா இருக்கான் இவன்."

கேரா பெருமூச்சு விட்டாள். "ஆமாம்மா, குரங்குக் குட்டி மாதிரிதான் இருக்கான்" என்றாள். "கைய முன்னால கொண்டா. தூக்கிக்க."